கையெழுத்தில் இரண்டாவது வரி

பெங்களூரிலிருந்து திரும்பிய ராமகிருஷ்ணன் காரை விட்டு இறங்கியதும் தன் அறைக்குப் போகவில்லை. நேராகக் கீர்த்தனாவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "நம்ம கம்பெனி பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

கீர்த்தனா அங்கே வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. முதலாளி இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. "மலையொளி சோலார் பம்ப்ஸ், சார்" என்றாள், ஏதோ பொறி இருக்கிறது என்ற பயத்தோடு.

"லோகோ இன்னா கலரு?"

"ஆரஞ்சும் நீலமும் சார். மலை ஆரஞ்சு, தண்ணி நீலம்."

"நீ சொல்ற. பெங்களூர்ல போயி சொல்லு, நம்புறாங்களான்னு பாக்கலாம்."

நடந்தது இதுதான். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி உள்ளே திரும்பும் புதுத் தெருவில் இருக்கிறது மலையொளி. விவசாயிகளின் கிணற்றுக்கு நேராகவும் வெளியூர் டீலர்கள் மூலமாகவும் சூரிய சக்தி மோட்டார் பொருத்தித் தருகிற கம்பெனி. மொத்தம் இருபத்தோரு பேர். ராமகிருஷ்ணன் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டித் தருவதில் ஆரம்பித்து இந்த அளவுக்கு வந்தவர். பெங்களூரில் மோட்டார் தயாரிக்கிற பெரிய கம்பெனி ஒன்று, மூன்று மாவட்டங்களுக்கு இவரையே விநியோகஸ்தராக வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்குத்தான் போயிருந்தார்.

அங்கே பூஜா என்ற அதிகாரி, மலையொளியிலிருந்து வந்த மெயில்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். ஐந்து பேர் எழுதிய ஐந்து மெயில். ஒவ்வொன்றின் அடியிலும் அனுப்பியவருடைய பெயர், பதவி, போன் நம்பர், லோகோ எல்லாம் சேர்ந்த கையெழுத்து. ஒன்று ஊதா நிறத்தில் இருந்தது, ஒன்று கிளிப்பச்சையில். ஒருவர் லோகோவைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து மலையைப் படகாக்கியிருந்தார். இன்னொருவருடையதில் கம்பெனி பெயரிலேயே ஓர் எழுத்தைக் காணோம்.

"சார், இவங்க எல்லாம் உங்க ஸ்டாஃபா, இல்ல டீலருங்களா?" என்று பூஜா மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த மரியாதையைத்தான் ராமகிருஷ்ணனால் தாங்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார் இப்போது. "ஒரே எழுத்து, ஒரே கலரு, ஒரே லோகோ. ஒருத்தருக்கு ஜாஸ்தி, ஒருத்தருக்கு கம்மின்னு இருக்கக் கூடாது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

அன்று திங்கட்கிழமை. கீர்த்தனா சாயங்காலத்துக்குள் மாதிரிக் கையெழுத்து ஒன்றைத் தயார் செய்துவிட்டாள். முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் பதவி. மூன்றாவதில் கம்பெனி, நான்காவதில் போன். கடைசியில் லோகோ, படகாக முடியாதபடி அளவு பூட்டியது. அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் போன பிறகும் போனில் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா எட்டிப் பார்த்து, "இன்னா அது, யாருக்கு கல்யாணம்?" என்றார்.

மறுநாள் காலை முதலில் பலராமனிடம் போனாள். டெண்டர், மானியம் சம்பந்தமான காகிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயது. அந்த ஊதா நிற மெயில் அவருடையதுதான். பெயருக்கு மேல் 'ஓம் நமசிவாய'. பெயருக்குக் கீழே, அந்த மாதப் பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, கிரிவலம் வர நல்ல நேரம் எது என்ற விவரம். மாதம் தவறாமல் புதுப்பிப்பார்.

"சார், இதை எடுக்கணும்."

"எதைம்மா?"

"பௌர்ணமியை."

"பௌர்ணமியை நீயும் எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது" என்றார் பலராமன்.

"மெயில்லேர்ந்து சார்."

"ஓசூர் டீலருங்க ரெண்டு பேரு இதைப் பாத்துத்தான் பஸ் ஏறுறாங்க. அவங்க அமாவாசையில வந்து நின்னா நீ பதில் சொல்லுவியா?"

கீர்த்தனா யோசித்தாள். அவருடைய போனை வாங்கி, பௌர்ணமிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் அதில் நூற்று நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பலராமனுக்கு மெயில் கையெழுத்தின் மேல் இருந்த பற்று அத்தோடு போய்விட்டது. "ஒரே மாதிரி இருந்தா நல்லாத்தான் இருக்கு. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா வைக்கக் கூடாதா?" என்றார். கூடாது என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

சர்வீஸ் பார்க்கும் அன்பரசன் தன் கையெழுத்தில் ஒரு குழாயை வைத்திருந்தான். அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த அசையும் படத்தின் கனம் தாங்காமல் பாதி மெயில்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. அவன் அதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மூன்று மாதமாக சிம் கார்டு மாற்றிக்கொண்டிருந்தான். படத்தை எடுத்ததும் மெயில் பறந்தது. அவன் கீர்த்தனாவைப் பெரிய நிபுணரைப் போலப் பார்த்தான்.

விற்பனைப் பிரிவுப் புகழேந்தியிடம்தான் நேரம் ஆனது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜவ்வாது மலையில் நிற்கும் போட்டோவை உடனே எடுத்துவிட்டான். பதவியை மட்டும் விட மறுத்தான். அவனுடைய மெயிலில் இருந்தது 'தென்னிந்தியத் தலைவர்'. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டரில் இருந்தது 'விற்பனைப் பிரதிநிதி'. அவன் போய்வரும் ஊர்கள் போளூர், ஆரணி, செய்யாறு.

"ஆரணி தென்னிந்தியாவுலதானே இருக்குது?" என்றான்.

"இருக்குது. ஆனா தென்னிந்தியாவுல ஆரணி மட்டும் இல்லியே."

"சரி, தமிழ்நாடு தலைவர்னு போட்டுக்கறேன்."

"மாவட்டம்."

"வடதமிழ்நாடு?"

"புகழ், இது ஏலம் இல்ல." கடைசியில் 'மாவட்ட விற்பனை அலுவலர்' என்று முடிந்தது. அலுவலர் என்ற சொல் அவனுக்குப் பிடித்திருந்தது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

இப்படி ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு புதன்கிழமை கீர்த்தனா ஸ்டோர்சுக்குப் போனாள். பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீள அறை. உதிரி பாகங்கள் எல்லாம் அங்கேதான். பட்டறையில் டிரில்லிங் மெஷின் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே போன் பேச முடியாது. அதனால் எந்த டீலரும் ஸ்டோர்சைக் கூப்பிடுவதில்லை, மெயில்தான். அந்த மெயில்களுக்கெல்லாம் பதில் போடுகிறவள் மணிமொழி.

மணிமொழிக்கு நாற்பத்தொரு வயது. பதினொரு வருடத்துக்கு முன்னால் பெருக்கவும் டீ போடவும் வந்தவள். பெருக்கும்போது தரையில் கிடந்த நட்டையும் வாஷரையும் குப்பையில் போட மனசில்லாமல் டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்தாள். பிறகு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்காமல் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. யார் கொடுத்தார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அவளுடைய மெயில்களின் அடியில் நிறமும் கிடையாது, லோகோவும் கிடையாது. மணிமொழி என்று ஒரே ஒரு சொல்.

"அக்கா, உங்க பதவி இன்னான்னு போடட்டும்?"

"எனக்கா?" மணிமொழி பார்சலுக்கு டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை. "அதெல்லாம் எனக்கு எதுக்கு கீர்த்தனா? பேரு இருக்குதுல்ல, போதும்."

"ரெண்டாவது வரி காலியா இருந்தா ஒரே மாதிரி இருக்காதுக்கா."

"அப்ப பேரையே ரெண்டு வாட்டி போட்டுடு."

கீர்த்தனா சிரித்துவிட்டு, அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் என்னதான் எழுதுகிறாள் என்று மெயில்களைத் திறந்து பார்த்தாள். போன மாதம் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு மெயில். பெரும்பாலான டீலர்கள் 'மதிப்பிற்குரிய மணிமொழி சார்' என்றே ஆரம்பித்திருந்தார்கள். சிலர் 'ஐயா' என்று எழுதியிருந்தார்கள். அரூரைச் சேர்ந்த தருமன் என்ற டீலர் இப்படி எழுதியிருந்தார்: 'சார், நீங்க சொன்ன மாதிரி அந்த ரெண்டு ஒயரையும் மாத்திப் போட்டேன், மோட்டார் ஓடிடுச்சு. எங்க மெக்கானிக் மூணு நாளா தலைய பிச்சிக்கினு இருந்தான். நீங்க எந்த காலேஜ்ல படிச்சீங்க சார்?'

அதற்கு மணிமொழியின் பதில்: 'சரி. பழைய கன்ட்ரோலரை திருப்பி அனுப்பவும். மணிமொழி.'

"அக்கா, நீங்க சார் இல்லன்னு இவங்களுக்குச் சொல்லவே இல்லியா?"

"யாரும் கேக்கலியே" என்றாள் மணிமொழி, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

ஆபீசுக்குத் திரும்பிக் கீர்த்தனா மணிமொழியின் ஆர்டரைத் தேடி எடுத்தாள். 'உதவியாள், பொது' என்று இருந்தது. அதன்பிறகு வேறு ஆர்டர் எதுவும் அந்த ஃபைலில் இல்லை. அதை எடுத்துக்கொண்டு ராமகிருஷ்ணனிடம் போனாள்.

"மணிமொழிக்கா? ஏதாவது போடும்மா. அசிஸ்டென்ட்டுன்னு போடு."

"யாருக்கு அசிஸ்டென்ட்டு சார்?"

அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. "மொத்தமா லிஸ்ட் எடுத்துக்கினு வா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லி, போகும்படி கையால் காட்டினார்.

வியாழக்கிழமை காலை கீர்த்தனா பட்டியலை அடித்தாள். இருபத்தோரு பெயர், இருபத்தோரு பதவி. பதினான்காவது பெயருக்கு வந்ததும் 'உதவியாளர், உதிரி பாகங்கள்' என்று அடித்தாள். அடித்துவிட்டு அதையே பார்த்தாள். அந்தப் பிரிவில் வேறு யாருமே இல்லை. சுவரில் மாட்டிய காலண்டருக்கா இவள் உதவியாளர்? அழித்தாள். மறுபடி அதையே அடித்தாள். மறுபடி அழித்தாள். பிறகு 'மேலாளர், உதிரி பாகங்கள்' என்று அடித்துவிட்டு, மனசு மாறிவிடுமோ என்று பயந்தவளைப் போலச் சட்டென்று பதினைந்தாவதற்குப் போய்விட்டாள்.

ராமகிருஷ்ணன் அப்போதும் போனில்தான் இருந்தார். பைப் கம்பெனிக்காரரோடு ஏதோ வாக்குவாதம். காகிதத்தை இழுத்து அடியில் கையெழுத்துப் போட்டார்.

"சார், ஒரு வாட்டி படிச்சுப் பாத்துடுங்க."

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, "நீ பாத்தல்ல? எல்லாம் ஒரே மாதிரி இருக்குதா?" என்றார்.

"இருக்குது சார்."

"அப்புறம் என்ன."

அதற்கு மேல் கீர்த்தனா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வெளியே வந்த பிறகு, சொல்லாமல் வந்தது தப்பா இல்லையா என்று அன்று முழுவதும் அவளுக்குள் ஒரு பஞ்சாயத்து நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. எல்லோருடைய மெயிலிலும் புதுக் கையெழுத்தைப் போட்டு முடித்தாள். சாயங்காலம் பூஜா எழுதினாள்: 'இப்போதுதான் ஒரே கம்பெனி போலத் தெரிகிறது. வாழ்த்துகள்.' ராமகிருஷ்ணன் அந்த மெயிலைத் தன் மனைவிக்கு அனுப்பினார். ஆபீசுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும். ராமகிருஷ்ணனின் அறையிலிருந்து, "யாரு? எந்த மேனேஜரு?" என்று சத்தம் கேட்டது.

உள்ளே கூப்பிட்டார். "அரூர் தருமன் போன் பண்றாரு. 'மணிமொழி சாருக்கு மேனேஜர் போஸ்ட் குடுத்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம், இத்தினி வருஷமா அந்த மனுசன எந்த போஸ்ட்ல வெச்சிருந்தீங்க'ன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது? மொதல்ல, மணிமொழி எப்போ சார் ஆச்சு?"

கீர்த்தனா பட்டியலைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் பதினான்காவது வரியைப் பார்த்தார். அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். கையெழுத்தில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

"படிச்சுப் பாக்கச் சொன்னேன் சார்" என்றாள்.

"சொன்ன. ஒத்துக்கறேன்." அவர் பேனாவை எடுத்தார். "சரி, மாத்திடலாம்."

"மாத்தலாம் சார். இன்னான்னு மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

ராமகிருஷ்ணன் பேனா மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். "ஸ்டோர்ஸ்ல அவளுக்கு மேல யாரு?"

"நீங்கதான் சார்."

"எனக்கு அங்க ஒன்னும் தெரியாதேம்மா. ஃபியூஸ் எங்க இருக்குதுன்னு கேட்டா நான் அவளத்தானே கூப்பிடுவேன்."

கீர்த்தனா, அவரே சொல்லிவிட்டாரே என்று நின்றாள். அந்த நேரம் பார்த்து அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்து விழுந்தது. பூஜாவிடமிருந்து. 'சார், எல்லாம் அருமை. ஆனால் இன்று காலை மணிமொழி என்பவர் அனுப்பிய மெயிலில் மட்டும் பதவி இல்லை. மற்றவர்களைப் போலவே சரிசெய்யவும். எங்கள் மேலிடம் இதையெல்லாம் பார்க்கும்.'

"பதவி இல்லியா? நீ போட்டல்ல?" என்றார் ராமகிருஷ்ணன்.

"வெள்ளிக்கிழமை போட்டேன் சார். தருமன் சார்கூடப் பாத்துட்டுத்தானே போன் பண்ணாரு?"

இருவரும் எழுந்து ஸ்டோர்சுக்கு நடந்தார்கள். முதலாளி பட்டறையைக் கடந்து அந்தப் பக்கம் போவதைப் பார்த்து டிரில்லிங் மெஷின் நின்றது.

மணிமொழி ஸ்டூலில் இருந்து எழுந்தாள். கேட்டதும் மறைக்கவில்லை. "ஆமாங்க சார், நான்தான் எடுத்துட்டேன். யாரோ தப்பா போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். சனிக்கிழமையிலேர்ந்து டீலருங்க பத்து பதினஞ்சு பேரு வாழ்த்து அனுப்பிட்டாங்க. எனக்கு ஒரே வெக்கமா போச்சு. இல்லாத ஒன்ன வெச்சிக்கினு எப்படி சார் பதில் எழுதறது?"

ராமகிருஷ்ணன் கீர்த்தனாவைப் பார்த்தார். கீர்த்தனா தரையைப் பார்த்தாள். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னவர் அவர். பெங்களூர் காத்திருக்கிறது. ஒன்று, இவளுக்கு வேறு பதவி கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிஷமாக அது முடியவில்லை. இல்லையென்றால் இருக்கிறதைப் போட வைக்க வேண்டும்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார், கொஞ்சம் அதட்டலாக. "நீங்க மட்டும் எடுத்துட்டா எப்படி? மறுபடி போடுங்க."

பதினொரு வருடத்தில் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது.

"மேனேஜர்னா?"

"மேனேஜர்னுதான்."

மணிமொழி கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "நெஜமாவா சார், இல்ல சும்மா மெயிலுக்கா?"

மெஷின் நின்றிருந்ததால் இந்தக் கேள்வி பட்டறை முழுவதும் கேட்டது. அன்பரசன் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். மெயிலுக்குத்தான் என்று சொல்ல ராமகிருஷ்ணனுக்கு ஒரு கணம் ஆகியிருக்காது. அவர் சுவர் முழுக்க அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் மணிமொழியின் குண்டு குண்டான எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"நெஜமாத்தான்" என்றார்.

"அப்ப ஆர்டர் வேணும் சார். பேப்பர்ல."

"கீர்த்தனா அடிச்சுத் தருவா."

"சம்பளம்?"

"அதுவும் அதுலயே வரும்" என்றார் ராமகிருஷ்ணன், தப்பித்து ஓடுகிற குரலில். திரும்பி நடந்தார்.

"சார், இன்னும் ஒன்னு" என்றாள் மணிமொழி. அவர் நின்றார். "இனிமே சீட்டு எழுதாம யாரும் இங்கேர்ந்து ஒரு ஸ்க்ரூகூட எடுக்கக் கூடாது. புகழேந்தி கஸ்டமருக்குக் காட்டணும்னு எடுத்துக்கினு போன கன்ட்ரோலர் நாலு இன்னும் வரல. இத்தினி நாளா நான் சொன்னா யாரு கேக்கறாங்க? இப்ப மேனேஜரா சொல்லலாம்ல?"

"தாராளமா சொல்லுங்க."

கீர்த்தனா அன்று மத்தியானமே ஆர்டரை அடித்தாள். இந்தத் தடவை ராமகிருஷ்ணன் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டுச் சம்பள எண்ணை மட்டும் கோடு போட்டு அடித்து, அதைவிடக் கூடுதலாகத் தன் கையாலேயே எழுதினார். கீர்த்தனா அதைப் பார்க்காதது போல இருந்தாள். வெளியே வந்து, தன் மேஜையில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நான்கு வருடமாக அந்த மேஜையில் எவ்வளவோ காகிதம் அடித்திருக்கிறாள். இதை மட்டும் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள்.

மறுநாள் காலை ஆபீசில் இருபது பேருக்கும் மணிமொழியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. சீட்டு இல்லாமல் பொருள் இல்லை என்று ஒன்றரை வரி. புகழேந்தி நாலு கன்ட்ரோலர்களையும் பைக்கின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். ஒன்றில் மூடி இல்லை என்பதற்காக அவனைத் திருப்பி அனுப்பினாளாம்.

வியாழக்கிழமை கீர்த்தனா ஏதோ வேலையாக ஸ்டோர்சில் இருந்தபோது ராமகிருஷ்ணன் வந்தார். கீழ்பென்னாத்தூரில் அவருடைய சொந்தக் கிணற்று மோட்டாருக்கு சுவிட்ச் போய்விட்டது. டப்பாவை நோக்கிக் கை நீட்டினார். மணிமொழி சீட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு, குனிந்து எழுதிக் கொடுத்தார்.

மணிமொழி படித்துப் பார்த்தாள்.

"ரெண்டு சுவிட்ச்சுன்னு எழுதியிருக்கீங்க. எத்தினி மோட்டார் சார்?"

"ஒன்னுதான். இருக்கட்டும்னு..."

"ஒரு மோட்டாருக்கு ஒரு சுவிட்ச்சு போதும் சார்" என்று சொல்லி, ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.